விபிஎன் எடுக்கும் முன்: யாரிடமிருந்து மறைக்கிறோம், யார் கையில் கொடுக்கிறோம்?

போன மாதம் ஒரு நாள், தக்கலையில் நான் நடத்தும் செல்போன், கம்ப்யூட்டர் சர்வீஸ் கடைக்குக் குளச்சல் பக்கமிருந்து ஒரு அம்மா வந்தார்கள். "மக்களே, காலையில வர்ற டேட்டா உச்சைக்கே தீந்து போவுது. போன் அடுப்பு மாதிரி சுடவும் செய்யுது. என்னண்ணு பாரு" என்று போனை மேசையில் வைத்தார்கள்.

திரையின் மேல் ஓரத்தில், மணி காட்டும் இடத்துக்குப் பக்கத்தில், சின்னதாக ஒரு சாவிப் படம் இருந்தது. விபிஎன், அதாவது நம் இணையப் போக்குவரத்தை வேறொரு நிறுவனத்தின் சர்வர் வழியாக அனுப்பும் ஆப், ஓடுகிறது என்பதற்கு ஆண்ட்ராய்டு காட்டும் அடையாளம் அது. உள்ளே போய்ப் பார்த்தால் மூன்று விபிஎன் ஆப்கள், மூன்றும் இலவசம். ஒன்றைத் தொட்டேன். இணைப்பு கொடுக்கும் முன் முழுத்திரையில் ஒரு விளம்பர வீடியோ, இணைத்த பிறகு இன்னொன்று. அனுமதிகளைத் திறந்தேன்: தொடர்பு எண்கள், இருப்பிடம், படங்கள். ஒரு விபிஎன் வேலை செய்ய இதில் எதுவுமே தேவையில்லை.

மகன் துபாயில் இருக்கிறான். வாட்ஸ்அப்பில் கூப்பிட்டால் லைன் கிடைப்பதில்லை. அவனோடு அறையில் தங்கியிருப்பவர் "அம்மாகிட்டயும் விபிஎன் போடச் சொல்லு" என்று சொல்லியிருக்கிறார். ஆனால் வாட்ஸ்அப் அழைப்பு அடைபடுவது அமீரகத்து நெட்டில். குளச்சலில் இருக்கும் அம்மாவின் போனில் எத்தனை ஆப் போட்டாலும் அந்த அடைப்பு திறக்காது. தேவையே இல்லாத ஒன்றுக்காக அம்மா தன் தொடர்பு எண்களை எல்லாம் யாரோ ஒருவருக்குக் கொடுத்திருந்தார்கள்.

அந்த வாரமே இன்னும் மூன்று பேர் இதைப் பற்றிக் கேட்டார்கள். ஹாஸ்டல் வைஃபையில் படிக்கும் நர்சிங் மாணவி, நாகர்கோவிலில் வீட்டிலிருந்தே ஐடி வேலை பார்க்கும் தம்பி, கல்குவாரி லாரிகளைப் பற்றி எழுதும் நிருபர் அண்ணன். எல்லாரும் கேட்டது ஒரே கேள்வி: "எந்த விபிஎன் நல்லது?" மூவருக்கும் நான் சொன்ன பதில் வெவ்வேறு. அதைத்தான் இங்கே விரித்து எழுதுகிறேன்.

## ஆள் மாறுகிறார், அவ்வளவுதான்

கல்ஃப் போகிறவர் கிளம்பும் முன்தினம் அக்கம்பக்கத்தார் பொட்டலங்களோடு அவர் வீட்டுக்கு வந்து நிற்பது நம் ஊரில் வழக்கம். ஏத்தங்காய் சிப்ஸ், அரைத்த மீன் மசாலா, கூடவே ஒரு கடிதம். தபாலில் போட்டால் யார் யாருக்கு அனுப்பினார் என்பது தபாலாபீசுக்குத் தெரியும். இவர் கையில் கொடுத்தால் தபாலாபீசுக்கு ஒன்றும் தெரியாது. ஆனால் கொண்டு போகிறவருக்கு எல்லாம் தெரியும்.

விபிஎன் செய்வதும் இதுதான். சாதாரணமாக நீங்கள் எந்தத் தளத்துக்குப் போகிறீர்கள் என்பது உங்கள் நெட் கம்பெனிக்கோ, கேபிள்காரருக்கோ, லாட்ஜ் வைஃபை வைத்திருப்பவருக்கோ தெரியும். விபிஎன் போட்டால் அவர்களுக்குத் தெரிவது "இவர் ஒரு விபிஎன் சர்வரோடு பேசுகிறார்" என்பது மட்டும். போகிற தளத்துக்கும் உங்கள் ஐபி முகவரி (இணையத்தில் உங்கள் இணைப்பை அடையாளம் காட்டும் எண்) தெரியாது, விபிஎன் சர்வரின் முகவரிதான் தெரியும். ஆனால் எங்கிருந்து எங்கே போகிறீர்கள் என்ற முழு விவரமும் இப்போது விபிஎன் நிறுவனத்தின் கையில். நம்பிக்கை தேவைப்படுவது நிற்கவில்லை, இடம் மாறியிருக்கிறது. ஆகவே விபிஎன் தேர்வு என்பது வேகத்தைப் பார்த்துச் செய்யும் தேர்வு அல்ல, ஆளைப் பார்த்துச் செய்யும் தேர்வு.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். கூகுளில் உங்கள் கணக்கோடு நுழைந்துவிட்டு விபிஎன் போட்டால் கூகுளுக்கு நீங்கள் யாரென்று நன்றாகவே தெரியும். ஃபேஸ்புக்கும் அப்படித்தான். விபிஎன் முகவரியை மறைக்கும், நீங்களே கொடுத்த பெயரை மறைக்காது.

## எதை வைத்து அளப்பது

முதலில் கேட்க வேண்டியது உங்களையே. யாரிடமிருந்து மறைக்க வேண்டும்? ஹாஸ்டல் வைஃபையா, விளம்பரக் கம்பெனிகளா, ஊரில் செல்வாக்குள்ள ஆளா, அரசா? முதல் இரண்டுக்கும் கடைசி இரண்டுக்கும் மலைக்கும் மடுவுக்குமான வித்தியாசம். இது தெளிவாகாமல் மற்றதைப் பார்த்துப் பயனில்லை.

அடுத்தது, நிறுவனத்தின் உரிமையாளர் யார், அவருக்குச் சோறு போடுவது எது? சந்தா பணமா, விளம்பரமா, உங்கள் தகவலா? உரிமையாளர் பெயரைத் தேடிக் கண்டுபிடிக்க முடியவில்லை என்றால் அங்கேயே நின்றுவிடலாம்.

மூன்றாவது, "நாங்கள் லாக் வைப்பதில்லை" என்ற வாக்கு, அதாவது யார் எங்கே போனார் என்ற பதிவை வைப்பதில்லை என்பது, சோதனைக்கு வந்திருக்கிறதா? இதை எல்லா நிறுவனமும் சொல்கிறது. 2017ல் அமெரிக்காவில் ஒரு பெண்ணை இணையத்தில் துரத்தித் தொல்லை செய்தவன் மீதான வழக்கில், அவன் பயன்படுத்திய பியூர்விபிஎன்னின் பதிவுகள் எஃப்பிஐக்குக் கிடைத்தன. பதிவு வைப்பதில்லை என்று விளம்பரம் செய்துவந்த நிறுவனம் அது. குற்றவாளி சிக்கியது நல்லதுதான். ஆனால் வாடிக்கையாளருக்குச் சொன்ன வாக்கு உண்மையில்லை என்பதும் அதே வழக்கில் தெரிந்தது. போலீஸ் கதவைத் தட்டியபோது, நீதிமன்றம் கேட்டபோது என்ன நடந்தது என்பதே எனக்கு முதல் சான்று. தணிக்கை அறிக்கை அதற்கு அடுத்தபடி.

நான்காவது, சேர்வதற்கு உங்களிடம் என்ன கேட்கிறார்கள்? இமெயில், போன் நம்பர், கார்டு. கேட்டு வாங்காத தகவலை யாராலும் கசியவிட முடியாது.

ஐந்தாவது நம் அன்றாடம். யுபிஐ, வங்கி ஆப், ரயில் டிக்கெட், பட்டா பார்க்கும் தளம். வெளிநாட்டு முகவரியிலிருந்து வருவதுபோல் தெரிந்தால் அரசுத் தளங்கள் பல திறப்பதே இல்லை. வங்கி ஆப்கள் சில விபிஎன்னைக் கண்டாலே நின்றுவிடும். விலைப்பட்டியலில் வராத செலவு இது.

### நம் நாட்டு விதி என்ன

இதைச் சரியாகத் தெரிந்துகொள்வது முக்கியம். இந்தியாவில் விபிஎன் வைத்திருப்பது குற்றம் அல்ல. ஆனால் செர்ட்-இன் என்ற மத்திய அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பு 2022 ஏப்ரல் 28 அன்று ஓர் உத்தரவு போட்டது. விபிஎன் நிறுவனங்கள் வாடிக்கையாளரின் சரிபார்த்த பெயர், முகவரி, தொடர்பு எண், இமெயில், ஒதுக்கிய ஐபி முகவரி, எதற்காக வாங்கினார் என்பது வரை சேகரித்து, அவர் விலகிய பிறகும் 5 வருடம் வைத்திருக்க வேண்டும் என்றது. அலுவலகங்கள் தங்கள் ஊழியருக்காக வைத்திருக்கும் விபிஎன்னுக்கு இது பொருந்தாது.

இதைத் தொடர்ந்து எக்ஸ்பிரஸ்விபிஎன், சர்ஃப்ஷார்க், நார்டுவிபிஎன், புரோட்டான் எல்லாம் இந்தியாவில் வைத்திருந்த சர்வர்களை எடுத்துவிட்டன. இப்போது சில ஆப்களில் "இந்தியா" என்று ஒரு வரி தெரியும். முகவரி இந்திய முகவரிதான், சர்வர் இருப்பது சிங்கப்பூரிலோ லண்டனிலோ. இங்கே உண்மையிலேயே சர்வர் வைத்து நடத்தும் விபிஎன் என்றால், உங்கள் விவரம் 5 வருடம் அங்கே இருக்கும் என்று எண்ணிக்கொண்டு வாங்குங்கள்.

பட்டாளத்தில் பிள்ளைகள் இருக்கும் வீடுகளுக்கு ஒரு சொல். ஜம்மு காஷ்மீரின் சில மாவட்டங்களில் மாவட்ட நிர்வாகம் அவ்வப்போது விபிஎன் பயன்பாட்டுக்கே தடை போடுகிறது. அங்கே இருக்கும்போது கவனம் வேண்டும்.

## வழி 1: பெயர் தெரியாத இலவச ஆப்

அம்மாவின் போனில் இருந்த வகை. சர்வர் வாடகைக்கும் இணையப் போக்குவரத்துக்கும் மாதாமாதம் பணம் கட்ட வேண்டும். உங்களிடம் வாங்கவில்லை என்றால் வேறு யாரிடமோ வாங்குகிறார்கள்.

நடந்தவை சில. ஹோலா என்ற இலவச விபிஎன், தன் பயனாளர்களின் இணைய இணைப்பையே லுமினாட்டி என்ற பெயரில் மற்றவர்களுக்கு விற்றது 2015ல் வெளியே வந்தது. அதாவது முன்பின் தெரியாத ஒருவர் செய்யும் வேலை உங்கள் வீட்டு முகவரியிலிருந்து நடந்ததாகப் பதிவாகும். ஒனாவோ என்ற ஆப்பை ஃபேஸ்புக் 2013ல் வாங்கியது. தகவலைக் காக்கும் ஆப் என்று சொல்லப்பட்ட அது, பயனாளர் எந்தெந்த ஆப்பை எவ்வளவு நேரம் பார்க்கிறார் என்று ஃபேஸ்புக்குக்குச் சொல்லிக்கொண்டிருந்தது. 2019ல் மூடினார்கள். 2023ல் ஆஸ்திரேலிய நீதிமன்றம் இதற்காக ஃபேஸ்புக்கின் தாய் நிறுவனமான மெட்டாவின் துணை நிறுவனங்களுக்கு 2 கோடி ஆஸ்திரேலிய டாலர் அபராதம் விதித்தது. 2020 ஜூலையில், லாக் வைப்பதில்லை என்று சொன்ன ஏழு இலவச விபிஎன் ஆப்களின் பயனாளர் பதிவுகள் பூட்டில்லாமல் இணையத்தில் கிடந்தது கண்டுபிடிக்கப்பட்டது.

இந்த வகை எந்த நிலையில் நல்ல தேர்வு? என் மனசறிந்து ஒன்றும் சொல்ல முடியவில்லை. போனில் இருந்தால் இன்றைக்கே எடுத்துவிடுங்கள்.

## வழி 2: புரோட்டான்

ஜெனிவாவிலிருக்கும் புரோட்டான், செர்ன் ஆராய்ச்சிக் கூடத்தில் வேலை பார்த்த விஞ்ஞானிகள் 2014ல் மின்னஞ்சல் சேவையாகத் தொடங்கியது. விபிஎன் 2017ல் வந்தது. 2024ல் நிறுவனத்தின் பெரும்பங்கை லாபநோக்கமற்ற ஓர் அறக்கட்டளையின் கீழ் கொண்டுவந்தார்கள். ஆப்களின் மூல நிரலை எல்லாரும் படிக்கும்படி வெளியிட்டிருக்கிறார்கள்.

இலவசத்திலேயே டேட்டா வரம்பு இல்லை, விளம்பரம் இல்லை. காசு கட்டுகிறவர்கள் காசு கட்டாதவர்களைத் தாங்குகிறார்கள். பதிலுக்கு ஒரே ஒரு கருவிதான், நாட்டை நாமே தேர்ந்தெடுக்க முடியாது, வேகமும் சுமார். ஜப்பானில் கொண்டுபோய் இணைக்கும், அடுத்த முறை நெதர்லாந்தில். வீடியோ கால் பேசும்போது சொல் போய்ச் சேர ஒரு நொடி தாமதிப்பது காதுக்கே தெரியும்.

கணக்குத் தொடங்க இமெயில் வேண்டும். 2021ல் நடந்ததையும் தெரிந்துகொள்ளுங்கள். பிரான்சைச் சேர்ந்த ஒரு பருவநிலை ஆர்வலரின் மின்னஞ்சல் கணக்கில் நுழைந்த ஐபி முகவரியை, சுவிஸ் அதிகாரிகளின் சட்டப்படியான உத்தரவுக்குக் கீழ்ப்படிந்து புரோட்டான் பதிவு செய்து கொடுத்தது. அது மின்னஞ்சல் சேவை, அங்குள்ள சட்டத்தில் விபிஎன்னுக்கு அப்படியொரு கட்டாயம் இல்லை என்று நிறுவனம் விளக்கியது. எந்த நிறுவனமும் அது இருக்கும் நாட்டின் சட்டத்துக்கு உட்பட்டதுதான் என்பதை அந்தச் சம்பவத்திலிருந்து எடுத்துக்கொள்கிறேன். கண்காணிப்பு விதிகளை விரிவாக்க 2025ல் சுவிஸ் அரசு முன்வைத்த வரைவைப் புரோட்டான் வெளிப்படையாகவே எதிர்த்தது. அங்கே விதி மாறினால் நம் கணக்கும் மாற வேண்டும்.

கையில் காசில்லாத மாணவருக்கு, ஹாஸ்டல், லாட்ஜ், ரயில் நிலைய வைஃபைக்கு, "போட்டுப் பார்ப்போம்" என்பவருக்கு இது சரியான இடம்.

## வழி 3: முல்வாட்

இதைப் பற்றிக் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன். சுவீடனின் கோதன்பர்க் நகரத்து நிறுவனம், 2009லிருந்து நடக்கிறது. சேரும்போது பெயர் கேட்பதில்லை, இமெயில் கேட்பதில்லை. பொத்தானை அழுத்தினால் 16 இலக்க எண் ஒன்று வருகிறது. அதுதான் கணக்கு, அதுதான் கடவுச்சொல், எல்லாம். தாளில் எழுதி வைத்துக்கொள்ள வேண்டியதுதான். தொலைத்தால் மீட்டுத் தர அவர்களிடம் உங்களைப் பற்றி ஒன்றுமே இல்லை.

விலை மாதம் 5 யூரோ, நம் காசுக்கு ஏறத்தாழ 500 ரூபாய். தொடங்கிய நாளிலிருந்து அதே விலை. ஒரு மாதம் வாங்கினாலும் ஒரு வருடம் வாங்கினாலும் அதே கணக்கு. நீண்ட திட்டத்துக்கென்று தள்ளுபடி கிடையாது, பரிந்துரை செய்கிறவருக்குக் கமிஷன் கிடையாது. தானாகப் புதுப்பிக்கும் சந்தாவை 2022ல் நிறுத்திவிட்டார்கள், சந்தா வைத்தால் பணம் கட்டியவரின் விவரத்தை நெடுநாள் வைத்திருக்க வேண்டியிருக்கிறது என்பதற்காக. தனக்கு வரும் வருமானத்தைக் குறைத்துக்கொண்டு வாடிக்கையாளரைக் காக்கும் நிறுவனம் எத்தனை இருக்கும்?

சோதனையும் வந்தது. 2023 ஏப்ரல் 18 அன்று சுவீடன் போலீசார் தேடுதல் ஆணையோடு அலுவலகத்துக்கு வந்தார்கள். வாடிக்கையாளர் விவரம் உள்ள கணினிகளை எடுத்துப் போவது அவர்கள் நோக்கம். அப்படி ஒரு விவரமே இங்கே இல்லை என்று ஊழியர்கள் விளக்கிக் காட்டினார்கள். ஒன்றும் எடுக்காமலேயே திரும்பிப் போனார்கள்.

குறைகள் உண்டு. இந்தியாவில் சர்வர் இல்லை. சிங்கப்பூர் போன்ற வெளிநாட்டு சர்வர்கள்தான். சினிமா பார்க்கும் தளங்கள் இதன் முகவரிகளைப் பெரும்பாலும் தடுத்துவிடும், இவர்களும் அதற்காக மெனக்கெடுவதில்லை. "நீங்கள் மனிதர்தானா" என்று படங்களைக் காட்டிக் கேட்கும் சோதனை அடிக்கடி வரும். கார்டில் கட்டினால் அந்நியச் செலாவணிக்கென்று வங்கி தனிக் கட்டணம் எடுக்கும். உங்கள் பெயரும் பணம் கட்டிய தடத்தில் இருக்கும். உறையில் பணத்தை வைத்து அனுப்பும் வசதி அவர்களிடம் உண்டு, ஆனால் இங்கிருந்து தபாலில் நோட்டு அனுப்புவது நமக்கு ஆகிற காரியம் அல்ல. கிரிப்டோ தெரிந்தவர்களுக்கு அந்த வழி திறந்திருக்கிறது.

இதே கொள்கையோடு ஜிப்ரால்டரில் ஐவிபிஎன் என்றொரு நிறுவனமும் இருக்கிறது. அதுவும் இமெயில் கேட்பதில்லை.

## வழி 4: எங்கும் விளம்பரம் தெரியும் பெரிய நிறுவனங்கள்

நார்டு, சர்ஃப்ஷார்க், எக்ஸ்பிரஸ். யூடியூபில் பாதி பேர் இவற்றைப் பற்றிச் சொல்கிறார்கள். நல்லதிலிருந்து தொடங்குகிறேன். ஆப்கள் அருமையாக இருக்கும், வேகம் கிடைக்கும், நாடுகள் நிறைய. எக்ஸ்பிரஸ்விபிஎன்னுக்கு ஒரு பெரிய சோதனையும் நடந்தது. துருக்கியில் ரஷ்யத் தூதர் 2016ல் கொல்லப்பட்ட வழக்கில், அங்கிருந்த அதன் சர்வரைப் போலீசார் கைப்பற்றினார்கள். பயனுள்ள பதிவு எதுவும் அதில் கிடைக்கவில்லை. நார்டு பின்லாந்தில் வாடகைக்கு எடுத்திருந்த ஒரு சர்வரில் 2018ல் ஊடுருவல் நடந்தது. அது வெளியே தெரிந்தது 2019 அக்டோபரில்தான். பிறகு பெரிய தணிக்கை நிறுவனங்களைக் கொண்டு தங்கள் அமைப்பைச் சோதித்து வருகிறார்கள்.

உரிமையாளர் பக்கம் வந்தால் எனக்கு மனம் ஒப்பவில்லை. எக்ஸ்பிரஸ்ஸை 2021ல் கேப் டெக்னாலஜிஸ் 93.6 கோடி டாலருக்கு வாங்கியது. சைபர்கோஸ்ட், பிரைவேட் இன்டர்நெட் ஆக்சஸ் இரண்டும் அதே வீட்டுப் பிள்ளைகள். கேப்பின் பழைய பெயர் கிராஸ்ரைடர். பிரவுசரில் அத்துமீறி விளம்பரம் நுழைக்கும் மென்பொருட்கள் பயன்படுத்திய தளம் அது. அதே 2021ல் விபிஎன்மென்டார் உள்ளிட்ட விமர்சனத் தளங்களை நடத்தும் கம்பெனியையும் கேப் வாங்கியது. விபிஎன்களுக்கு மதிப்பெண் போடுகிறவரும் விபிஎன் விற்கிறவரும் ஒரே முதலாளி. நார்டும் சர்ஃப்ஷார்க்கும் 2022ல் ஒன்றாகச் சேர்ந்துவிட்டன. ஆகவே "சிறந்த பத்து விபிஎன்" என்ற பட்டியலைப் பார்த்தால், அந்தப் பட்டியலை எழுதியவருக்கு யார் காசு கொடுக்கிறார் என்பதை முதலில் தேடுங்கள்.

மறைந்திருக்கும் செலவு புதுப்பிக்கும்போதுதான் தெரியும். இந்த வகையில் ஒரு நிறுவனத்திடம் இரண்டு வருடத் திட்டம் மலிவாகக் கிடைக்கிறதே என்று நான் வாங்கினேன். இரண்டு வருடம் முடிந்த மறுநாள், முதலில் கட்டியதைவிட இரண்டு மடங்குக்கு மேல் கார்டில் எடுத்துவிட்டார்கள். புதுப்பிக்கும் விலை வேறு என்பது ஒப்பந்தத்தில் சின்ன எழுத்தில் இருந்தது. இமெயில் மேல் இமெயில் போட்டு பணம் திரும்ப வருவதற்குள் பதினொரு நாள் ஆனது. வாங்கிய அன்றே தானாகப் புதுப்பிக்கும் வசதியை அணைத்துவிடுங்கள்.

வெளிநாட்டில் தங்கியிருந்துகொண்டு பல கருவிகளில் பல நாட்டு முகவரி வேண்டும், எளிதாக இருக்க வேண்டும், விளம்பரக் கம்பெனி பின்தொடராமல் இருந்தால் போதும் என்பவருக்கு இவை உதவும்.

## வழி 5: நாமே அமைத்துக்கொள்வது

மாதம் 5, 6 டாலருக்கு வெளிநாட்டில் ஒரு சின்ன சர்வர் வாடகைக்கு எடுத்து, அதில் வயர்கார்டு என்ற இலவச விபிஎன் மென்பொருளைப் போட்டுக்கொள்ளலாம். சர்வர்களில் ஓடும் லினக்ஸ் இயங்குதளத்தின் மையப் பகுதியான கெர்னலிலேயே 2020லிருந்து இது இருக்கிறது. ஒரு மாலை நேரம் உட்கார்ந்தால் முடியும் வேலை.

ஆனால் பலரும் தவறாகப் புரிந்துகொள்வது ஒன்று உண்டு. இதில் ரகசியம் அதிகமாகாது, குறையத்தான் செய்யும். பொது விபிஎன்னில் ஒரே முகவரியிலிருந்து நூற்றுக்கணக்கானவர் போகிறார்கள். இங்கே அந்த முகவரியைப் பயன்படுத்துகிறவர் நீங்கள் ஒருவர்தான். சர்வர் வாடகைக்குக் கொடுத்தவரிடம் உங்கள் கார்டு விவரம் இருக்கிறது. இந்தியாவில் எடுத்தால் செர்ட்-இன் உத்தரவு சர்வர் வாடகைக்கு விடுகிறவரையும் சேர்த்தே பிடிக்கிறது.

இதன் அழகு வேறு இடத்தில். சென்னையில் லாட்ஜில் இருந்துகொண்டு வீட்டுக் கணினியைத் தொட வேண்டும், தக்கலை வீட்டுக் கேமராவை வெளியே யாருக்கும் தெரியாமல் பார்க்க வேண்டும் என்றால் இதுதான் வழி. நம் ஊர் இணைப்புகள் பலவற்றில் வீட்டுக்கென்று தனி ஐபி கிடையாது. அதனால் வயர்கார்டு நேரடியாக வேலை செய்யாமல் படுத்தும். அப்போது, வயர்கார்டை வைத்தே கருவிகளை ஒன்றோடொன்று இணைத்துத் தரும் டெயில்ஸ்கேல் என்ற சேவை கைகொடுக்கும்.

## வழி 6: விபிஎன்னே வேண்டாம்

கடைக்கு வந்து கேட்பவர்களில் பாதிப் பேருக்கு நான் சொல்வது இதைத்தான். இன்றைக்கு வங்கித் தளமும் வாட்ஸ்அப்பும் மின்னஞ்சலும் தாமே பூட்டுப் போட்டுத்தான் தகவலை அனுப்புகின்றன. பொட்டலத்துக்குள் பூட்டிய பெட்டி இருப்பதுபோல. லாட்ஜ் வைஃபைக்காரருக்கு நீங்கள் எந்தத் தளத்துக்குப் போனீர்கள் என்பது தெரியலாம், உள்ளே என்ன செய்தீர்கள் என்பதும் கடவுச்சொல்லும் தெரியாது.

தளத்தின் பெயர் தெரிவதையும் குறைக்க ஆண்ட்ராய்டு 9லிருந்து தனியார் டிஎன்எஸ் என்ற வசதி இருக்கிறது. தளத்தின் பெயரை எண் முகவரியாக மாற்றித் தரும் சேவைதான் டிஎன்எஸ். அதனோடு பூட்டுப் போட்டுப் பேச இந்த வசதி உதவும். சூரிச்சைச் சேர்ந்த குவாட்9 என்ற லாபநோக்கமற்ற அமைப்பின் முகவரியை அதில் போட்டால் காசில்லாமல் ஓரளவு மறைவும், மோசடித் தளங்களிலிருந்து காவலும் கிடைக்கும். முழு மறைவு இது அல்ல.

எதிர்ப்பக்கத்தில், உயிருக்கோ வேலைக்கோ ஆபத்து வரக்கூடிய தகவல் என்றால் விபிஎன்னும் போதாது. டோர் பிரவுசர் வேண்டும். அதில் பொட்டலம் மூன்று கை மாறுகிறது. முதல் கைக்கு அனுப்பியவரைத் தெரியும், கடைசிக் கைக்குப் போகிற இடம் தெரியும், இரண்டையும் சேர்த்து அறிந்தவர் ஒருவரும் இல்லை. மெதுவாகத்தான் ஓடும். இலவசம்.

## ஒரே பார்வையில்

| வழி | யாரை நம்ப வேண்டும் | சேரக் கேட்பது | பணம் | வெளியே தெரியாத செலவு |
|---|---|---|---|---|
| பெயர் தெரியாத இலவச ஆப் | யாரென்றே தெரியாது | போனில் உள்ள அனுமதிகள் | இல்லை | தகவல், டேட்டா, பேட்டரி |
| புரோட்டான் இலவசம் | சுவிஸ் நிறுவனம், அறக்கட்டளை | கணக்குத் தொடங்க இமெயில் | இல்லை | ஒரு கருவி, நாடு நம் விருப்பம் அல்ல |
| முல்வாட் | சுவீடன் நிறுவனம் | ஒன்றும் இல்லை | மாதம் 5 யூரோ | எண் தொலைந்தால் போச்சு, மனிதர்தானா சோதனை |
| பெரிய நிறுவனங்கள் | கைமாறக்கூடிய முதலாளிகள் | இமெயில், கார்டு | நீண்ட திட்டத்தில் மலிவு | புதுப்பிக்கும் விலை |
| சொந்த சர்வர் | சர்வர் வாடகைக்காரர் | கார்டு, அடையாளம் | மாதம் 5, 6 டாலர் | பராமரிப்பு, முகவரி உங்களுடையது மட்டும் |
| தனியார் டிஎன்எஸ் | டிஎன்எஸ் நடத்துபவர் | ஒன்றும் இல்லை | இல்லை | ஐபி முகவரி மறையாது |
| டோர் | தன்னார்வலர்களின் வலை | ஒன்றும் இல்லை | இல்லை | வேகம், பல தளங்கள் தடுக்கும் |

## கேட்டவர்களுக்குச் சொன்னது

நர்சிங் மாணவிக்குப் புரோட்டான் இலவசம். ஹாஸ்டல் வைஃபையில் இருக்கும்போது மட்டும் போட்டுக்கொள், வங்கி ஆப் திறக்கும்போது உன் சிம் டேட்டாவுக்கு மாறிக்கொள் என்று சொன்னேன். ஆப்பை விளம்பர இணைப்பிலிருந்து இறக்காமல் நிறுவனத்தின் தளத்திலிருந்தோ, பிளே ஸ்டோரில் வெளியிட்டவர் பெயர் பார்த்தோ இறக்கச் சொன்னேன். ஒரே மாதிரிப் பெயரில் போலிகள் ஏராளம்.

நாகர்கோவில் தம்பிக்கு அலுவலகம் கொடுத்த விபிஎன்னே இருக்கிறது. அந்த லேப்டாப்பில் தன் சொந்த வேலை எதையும் பார்க்காமல் இருந்தால் போதும். அலுவலக விபிஎன் காப்பது அலுவலகத்தின் ரகசியத்தை. அதன் வழியே போவதை எல்லாம் அலுவலகத்தால் பார்க்க முடியும்.

துபாயில் இருக்கும் மகனிடம் அம்மாவின் போனிலிருந்தே, அங்கே அனுமதி உள்ள போட்டிம் என்ற அழைப்பு ஆப் வழியாகப் பேசினேன். அமீரகத்தில் ஐபி முகவரியை மறைத்து ஒரு குற்றம் செய்தால் 5 லட்சத்திலிருந்து 20 லட்சம் திர்ஹம் வரை அபராதமும் சிறையும் உண்டு. தடைசெய்த அழைப்பை விபிஎன் வழியாகப் பேசுவது அதற்குள் வந்துவிடக்கூடும். "அறையில எல்லாரும் போட்டிருக்காங்க அண்ணே" என்றான். "மக்கா, பிடிபட்டா கட்டுறது நீதான், அவங்க இல்ல" என்றேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, எடுத்துவிடுகிறேன் என்றான்.

நிருபர் அண்ணனோடுதான் அதிக நேரம் உட்கார்ந்தேன். அவருக்கு முல்வாட் ஒரு மாதம் மட்டும் வாங்கிக் கொடுத்தேன். குவாரி ஆவணங்கள் தேடுவது, ஊர்க்காரர் அனுப்புவதைத் திறப்பது எல்லாம் அதன் வழியாக. தன் பெயரைச் சொல்லப் பயப்படும் ஒருவரோடு பேசும்போது டோர். ஆண்ட்ராய்டு அமைப்புகளில் விபிஎன் பெயருக்குப் பக்கத்தில் உள்ள பற்சக்கரத்தைத் தொட்டு, "எப்போதும் இயங்கும் விபிஎன்", "விபிஎன் இல்லாத இணைப்புகளைத் தடு" இரண்டையும் போட்டேன். இது இல்லையென்றால் தொடர்பு ஒரு நொடி அறுந்தாலும் போன் சத்தமில்லாமல் பழைய வழிக்குத் திரும்பிவிடும். சோதித்தும் காட்டினேன்: விபிஎன்னை அணைத்ததும் பிரவுசர் வெள்ளைத் திரையாக நின்றது. "இப்பதான் நம்பிக்கை வருது" என்றார். அவரோடு பேசுகிறவர்களின் பெயர்கள் போனின் தொடர்பு எண்களில் அப்படியே கிடந்தன. அடுத்த அரைமணி நேரம் அதைத்தான் சரிசெய்தோம்.

குளச்சல் அம்மாவின் போனில் மூன்று ஆப்களையும் எடுத்துவிட்டு, தனியார் டிஎன்எஸ் மட்டும் போட்டுக் கொடுத்தேன். காசு எவ்வளவு என்றார்கள். வேண்டாம் என்றேன். மறுநாள் சாயங்காலம் கூப்பிட்டு, "மக்களே, மணி ஆறாவுது, இன்னும் நெட்டு கிடக்குது" என்றார்கள்.